தமயந்திக்காக எழுதிய இரண்டு கடிதங்கள்

ஜனவரி 18

பொங்கலுக்கு வந்திருந்த மகன் காலையில் பெங்களூர் கிளம்பினான். வீட்டைக் கூட்டி முடித்து உட்கார்ந்தபோது தமயந்தி வந்தாள். இதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் பிளஸ் ஒன்னில் என்னிடம் இயற்பியல் படித்தவள். இன்று அவர்கள் வீட்டுக்கு மூன்று ரிக் வண்டிகள் ஓடுகின்றன. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற வண்டிகள். திருச்செங்கோட்டில் இது அதிசயமில்லை. கணவர் செங்கோட்டுவேலுக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்ததிலிருந்து, ஒன்பது வருடமாக, சத்தீஸ்கரிலும் மகாராஷ்டிரத்திலும் நிற்கிற வண்டிகளை வீட்டு முன்னறையில் இருந்தபடியே போனில் நடத்துவது இவள்தான். இவளுடைய பி.காம். பட்டம்கூட இந்த வேலைக்கு நடுவில் தபாலில் படித்து வாங்கியது.

சென்னையில் ஒரு கல்லூரியில் ஓராண்டு தொழில் நிர்வாகப் படிப்பு இருக்கிறதாம். குடும்பத் தொழிலை நடத்தும் பெண்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு வாரம் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். ஓர் அறக்கட்டளை இருபது பெண்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருகிறது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு வருகிற ஜூலையில் நாற்பது நிறைகிறது. இந்த வருடம் விட்டால் இனி இல்லை.

உறவினர் அல்லாத இருவர் பரிந்துரை எழுத வேண்டும். ஒன்றை ஆடிட்டர் எழுதுகிறார். இன்னொன்றுக்கு என்னைக் கேட்க வந்திருந்தாள். நடத்துகிற தொழில் நன்றாகத்தானே நடக்கிறது, படிப்பு எதற்கு என்று கேட்டேன்.

"நடக்குதுங் டீச்சர். ஆனா பேங்குக்குப் போனா மேனேஜர் அவரு மூஞ்சியப் பாத்துத்தான் பேசறாரு. ரிக் ஓனர் சங்கத்துல இருந்து நோட்டீஸ் அவரு பேருக்குத்தான் வருது. அடுத்த தேர்தல்ல செயற்குழுவுக்கு நிக்கலாம்னு இருக்கனுங். நின்னா, செங்கோட்டுவேல் சம்சாரம் நிக்குதுன்னு சொல்லக்கூடாது பாருங். தமயந்தி நிக்குதுன்னு சொல்லோணும்."

அவள் படியிறங்குவதற்குள் மனத்தில் பத்து வரி எழுதிவிட்டேன்.

ஜனவரி 20

மாவு அரைத்து வைத்துவிட்டுப் பரிந்துரைக்கு உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு வருட வேலையில் எத்தனை நன்னடத்தைச் சான்றிதழ் எழுதியிருப்பேன். கண்டக்டருக்கு டிக்கெட் கிழிப்பது எப்படியோ எனக்கு அது அப்படி. ஆனாலும் இதற்கு மூன்று தடவை திருத்தி எழுதினேன்.

"பணிவு மிக்கவர். அமைதியானவர். மூத்தோர் சொல்லை மீறாதவர். இட்ட வேலையை முகம் சுளிக்காமல் செய்து முடிப்பவர். இவரால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் நேர்ந்ததில்லை."

ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். இதைவிட நல்லதாக ஒரு மாணவியைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?

எழுதும்போது பிளஸ் ஒன்னில் நடந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. எழுதவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண்ணின் குறையை யாராவது சொல்வார்களா? குழந்தைகள் ஏதோ செய்துவிடுவார்கள். நாம்தான் மூடி மறைத்துக் காப்பாற்ற வேண்டும்.

ஜனவரி 23

பரிந்துரையைக் கணினியில்தான் அனுப்ப வேண்டுமாம். தமிழிலேயே எழுதலாம் என்று போட்டிருந்தது. மகன் போனில் வழி சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். நான்கு கேள்விகள். நான்காவது இப்படி இருந்தது: "விண்ணப்பதாரர் உங்களுடனோ பிறருடனோ கருத்து வேறுபட்டு, அதை வெளிப்படையாகச் சொன்ன ஒரு நிகழ்வை விவரிக்கவும்."

சிரிப்பு வந்தது. நாங்களும் வினாத்தாளில் இப்படி ஒரு பொறிக் கேள்வி வைப்போம். கவனமில்லாத பிள்ளைகள் விழுவார்கள். நான் விழவில்லை. "அப்படி ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நடந்ததில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நல்ல காரியம் செய்த திருப்தி. மாலையில் கேசரி கிண்டினேன்.

ஜனவரி 24

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்கால் வலி.

பிப்ரவரி 6

தமயந்தியிடம் ஒரு கடிதம் நகலெடுக்கப் போனேன். அவள் முன்னறையில் நகலெடுக்கும் மெஷின் இருக்கிறது. புதன்கிழமை பத்து மணிக்கு மூன்று வண்டி மேனேஜர்களையும் ஒரே நேரத்தில் போனில் கூப்பிட்டுப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. சைகையால் உட்காரச் சொன்னாள்.

சத்தீஸ்கரில் நிற்கிற வண்டியை அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அந்த வண்டிக்கு மேனேஜர் அங்கப்பன். அவன் முடியாது என்றான். இத்தனைக்கும் மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவள் கோபப்படாமல் காரணம் கேட்டாள். போகிற வழியில் ஒரு பாலம் பழுதாகி இருக்கிறதாம். சுற்றிப் போனால் இரண்டு நாள் வீணாம். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, சரி, அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நம்மிடம் சம்பளம் வாங்குகிற ஆள் எதிர்த்துப் பேசுகிறான், நீயும் விட்டுக்கொடுக்கிறாயே என்று கேட்டேன்.

"அவன் எதுத்துப் பேசலைன்னாத்தானுங் எனக்குப் பயம். ஆமாங்கா, சரிங்காங்கற ஆளு வண்டியச் சேத்துல எறக்கிப்போட்டுத்தான் போன் பண்ணுவான்."

அவள் தொழில், அவள் பாடு. வகுப்பறையில் இதெல்லாம் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கோட்டுவேல் பக்கத்தில் ஒரு கம்ப்ரசர் பாகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரிக் ஓட்டி ஆறு மாநிலம் பார்த்தவர். போனில் பேசச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும். "இவ மெட்ராஸ் போனா போன் எடுக்கறது நானாமுங் டீச்சர்," என்றார். "மூணாம் நாளு மூணு வண்டியும் திரும்பி வந்து வாசல்ல நிக்கும், பாருங்."

பிப்ரவரி 19

நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள்! மார்ச் 9, சென்னையில். அறுநூறு விண்ணப்பங்களில் அறுபது பேராம். தமயந்தி ஜிலேபியோடு வந்தாள். அவள் எழுதி அனுப்பிய கட்டுரையின் நகலையும் கொண்டுவந்திருந்தாள். நேர்காணலில் இதிலிருந்துதான் கேட்பார்களாம். பரிந்துரைக் கடிதங்களையும் அன்றைக்குத்தான் பிரித்து, கட்டுரையோடு வைத்துப் பார்ப்பார்களாம். எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றாள். வைத்துவிட்டுப் போ, நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 20

கட்டுரையைப் படித்தேன். மூன்று பக்கம். எழுத்துப்பிழை இரண்டு.

பிப்ரவரி 21

நேற்று எழுதியது போதாது. முழுவதும் எழுதிவிடுகிறேன்.

கட்டுரைக்கு அவர்கள் கொடுத்த தலைப்பு, "நீங்கள் முதன்முதலாகப் பிறரை வழிநடத்திய தருணம்". போர் வண்டிக் கதை ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். அவள் எழுதியிருந்தது பிளஸ் ஒன் ஆய்வகத்தைப் பற்றி. நான் மறைத்துக் காப்பாற்றிய அதே விஷயம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் ஆறு செட் கருவிகள்தான் இருந்தன. வகுப்பில் அறுபத்தொரு பேர். நான் ஒரு வழி வைத்திருந்தேன். பையன்கள் சோதனை செய்வார்கள். பெண்கள் இருபத்தேழு பேரும் கருவிகளைத் துடைத்து எடுத்து வைப்பார்கள். பையன்கள் எடுத்த அளவீடுகளைப் பார்த்துத் தங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது. "நாங்க எப்ப செய்யறதுங் டீச்சர்?" என்று தமயந்தி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றேன்.

தனி ஊசல் சோதனை வந்த வாரம், அவள் எடுத்த முடிவின்படி இருபத்தேழு பெண்களும் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். தலைப்பு இருந்தது, தேதி இருந்தது, கீழே வெறும் தாள். தமயந்தியின் நோட்டில் மட்டும் ஒரு வரி: "செய்யவில்லை. அதனால் எழுதவில்லை."

மறுநாள் மாவட்டக் கல்வி அதிகாரி பார்வையிட வந்தார். அவர் கையில் முதலில் சிக்கியது பெண்களின் நோட்டுகள். தலைமை ஆசிரியர் முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும். அவர் போன பிறகு தமயந்தியை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்தினேன். எட்டு நாள். மாணவர் தலைவர் பட்டியலில் இருந்த அவள் பெயரையும் நானே அடித்தேன்.

இந்தத் தண்டனையையெல்லாம் அவள் எழுதவில்லை. வெறும் தாள்களுக்குப் பிறகு அவள் எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் ஆசிரியைக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த மாதமே வகுப்பை இரண்டாகப் பிரித்து எங்களுக்கும் முறை வைத்துக் கொடுத்தார். எதிர்த்து வரும் சொல்லில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். இன்று என் வண்டி மேனேஜர்களிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறேன். இந்த நிகழ்வை நேரில் கண்டவர் என் பரிந்துரையாளர்."

அந்த நேரில் கண்ட சாட்சிதான், அப்படி ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நடந்ததில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்றுதானே.

நான் அவள் குறையை மறைக்கவில்லை. அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

பத்து மணி அடிக்கக் காத்திருந்து அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இளம் பெண் ஒருத்தி பேசினாள். அனுப்பிய படிவத்தைத் திருத்த வழியில்லையாம். மார்ச் 5க்குள் இன்னொரு கடிதம் மின்னஞ்சலில் அனுப்பலாம், அதையும் கோப்பில் சேர்ப்போம் என்றாள். முதல் கடிதத்தை எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். "முடியாதுங்க மேடம். ரெண்டும் இருக்கும்" என்றாள்.

மாணவர்கள் விடைத்தாளில் ஒரு விடையை அடித்துவிட்டு இன்னொன்று எழுதுவார்கள். அடித்ததைத் திருத்துகிறவர் பார்க்கக் கூடாது என்பது விதி. எனக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

அதற்கு முன்னால் தமயந்தியிடம் சொல்ல வேண்டும். இன்று போகவில்லை. துணி துவைக்க நிறைய இருந்தது.

பிப்ரவரி 23

போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கை வேலையாக இருந்தால் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். படிவத்தில் என்ன எழுதினேன் என்பதைச் சொன்னேன்.

"மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங் டீச்சர்," என்றாள். "பரவால்லீங், ரொம்ப வருசமாச்சு."

அவள் திறந்துவிட்ட அந்த வாசல் வழியாகவே நான் தப்பியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும்.

"மறக்கலை. நல்லா ஞாபகம் இருந்துச்சு. அதனாலதான் எழுதல. உனக்குக் கெட்ட பேரு வந்துரக்கூடாதுன்னு."

அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப இத்தனை வருசமா, நான் பண்ணுனது தப்புன்னுதான் நெனச்சுட்டு இருந்தீங்ளா?"

நான் குனிந்து அடுத்த கொத்தை எடுத்தேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயிருந்து செங்கோட்டுவேல், டீச்சருக்கு டீ வைக்கலையா என்று குரல் கொடுத்தார். "இன்னைக்கு டீ இல்லீங்," என்றாள். அதில் கேலி இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24

வெயில் தொடங்கிவிட்டது. யாரும் வரவில்லை.

பிப்ரவரி 25

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் "சில நிர்வாகச் சூழ்நிலைகளின் காரணமாக மாணவிகளுக்கு வாய்ப்பளிக்க இயலாமல் இருந்தது" என்று வந்தது. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, யார் அளிக்கவில்லை, பெயர் எங்கே என்று கேட்டிருப்பேன். கிழித்தேன். இரண்டாவது வரைவில் என் தவறு வந்தது. உடனே அதற்கு ஆறு காரணங்களும் வந்தன. கிழித்தேன்.

பதினோரு மணிக்கு வாசலில் தமயந்தி. உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"லெட்டர் எழுதியாச்சுங்ளா?"

"எழுதிட்டிருக்கேன். படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாமுங். ரகசியமா இருக்கோணும்னு போட்டிருக்குது." போகத் திரும்பியவள் நின்றாள். "எத்தனை நாள் வெளிய நிக்க வெச்சீங்கன்னு எழுதப்போறீங்?"

"எட்டு நாள்."

"ஏழுங். ஒரு நாளு மழைன்னு நீங்களே உள்ள கூப்புட்டுக்கிட்டீங்க. எழுதறத சரியா எழுதுங்."

அவள் போன பிறகு வெகுநேரம் அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே மூச்சில் எழுதினேன்.

பிப்ரவரி 27

கடிதத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை இந்த நோட்டிலும் இதுவரை எழுதவில்லை.

கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறேன். ஊரில் ஒரு சங்கம் கொடுத்த நல்லாசிரியர் பட்டயம். "ஆய்வகத்தில் அனைவருக்கும் சம வாய்ப்பு தரும் இருமுறைத் திட்டத்தை உருவாக்கியமைக்காக" என்று அதில் பொன்னெழுத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லிக் காட்டியிருக்கிறேன். தமயந்தியும் எத்தனையோ முறை அதன் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். வகுப்பை இரண்டாகப் பிரித்தது நான் கண்டுபிடித்த திட்டம் இல்லை. அதிகாரி எழுதிக் கொடுத்த குறிப்புக்குப் பயந்து செய்தது. அந்தக் குறிப்பு வரக் காரணம் இருபத்தேழு வெறும் தாள்கள். அதற்குக் காரணம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி.

அதையும் எழுதினேன். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது: "உராய்வு இல்லாவிட்டால் மனிதனால் ஓரடிகூட நடக்க முடியாது என்று முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தினேன். அதே வகுப்பில் எனக்கு உராய்வாக வந்த மாணவியை வெளியே நிறுத்தினேன். அவள் இல்லாவிட்டால் அந்த இருபத்தேழு பேரும் ஓர் ஊசலைக்கூட ஆட்டிப் பார்க்காமல் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள். என் முதல் கடிதத்தில் உள்ளது ஒரு நல்ல மாணவியைப் பற்றிய என் பழைய எண்ணம். தமயந்தியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை."

அனுப்பிவிட்டேன். பெயரோடு, போன் நம்பரோடு.

மார்ச் 2

தமயந்தி வீட்டிலிருந்து டீ வந்தது. செங்கோட்டுவேல் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "தடை நீங்கிருச்சுங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 9

அவர்கள் இருவரும் நேற்றே சென்னை போய்விட்டார்கள். நேர்காணல் பதினொன்றரைக்கு. பத்து மணிக்குப் பருப்பு வேகவைத்தேன். பத்தரைக்கு அலமாரியைத் துடைத்தேன். பதினொன்றுக்கு மறுபடி அதே அலமாரியைத் துடைத்தேன். பன்னிரண்டரைக்குப் பருப்பில் உப்பு போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு முறை போட்டேன். சாம்பாரைக் கொட்டிவிட்டுத் தயிர் சாதம்.

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 10

காலையில் நேராக என் வீட்டுக்கே வந்தாள். பயணப் பை தோளிலேயே இருந்தது. நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு, எதிரே மூன்று பேர் இருப்பதுபோலக் காட்டி, நடந்ததை நடித்தே சொன்னாள்.

முதல் அரைமணி நேரம் தொழிலைப் பற்றித்தான் கேட்டார்களாம். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் பிறகு இரண்டு தாள்களை எடுத்து வைத்தாராம். ஒரே ஆசிரியை ஒரே பெண்ணைப் பற்றி எழுதிய இரண்டு கடிதங்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதில் எதை நாங்கள் நம்புவது என்று கேட்டாராம்.

"எனக்கு ரெண்டாவது லெட்டருல என்ன இருக்குதுன்னே தெரியாதுங் டீச்சர். அதையே சொன்னேன். படிக்கலீங்க, ஆனா எங்க தொழில்ல இருந்து ஒண்ணு சொல்றேன்னு சொன்னேன். மொதல் பாயிண்டுல தண்ணி வரலைன்னா, அந்தத் தோட்டங்காட்டுலயே தண்ணி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரமாட்டமுங். பத்தடி தள்ளி மறுக்காப் போடுவோம். எங்க டீச்சரு மறுக்காப் போட்டிருக்காங்க. அறுபத்திமூணு வயசுல அத்தனை ஆழம் போறதுக்கு வண்டி நல்ல வண்டியா இருக்கோணுமுங்கன்னு சொன்னேன்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம்.

"என்னைப் போயி வண்டின்னா சொன்ன?"

"நல்ல வண்டின்னு சொன்னனுங்."

வேறென்ன கேட்டார்கள் என்றேன். அந்த ஏழு நாளும் வெளியே நின்றுகொண்டு என்ன செய்தாய் என்று கேட்டாராம் அந்த அம்மாள். ஜன்னல் வழியாகப் பார்த்தே திருகு அளவி பிடிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அந்த ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மார்ச் 28

பல் டாக்டர். கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 2

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தெருவில் ஒரு லாரி ஹாரன். விடாமல் அடித்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கு ஓடினேன். பழுது பார்க்க ஊருக்கு வந்திருந்த ரிக் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இந்தத் தெருவுக்குள் ஆட்டோவே முக்கித்தான் நுழையும். ஸ்டியரிங்கில் செங்கோட்டுவேல். முதுகுக்கு ஆகாது என்று டாக்டர் வண்டி ஓட்டத் தடை போட்டு ஒன்பது வருடமாகிறது. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் காப்பாற்ற ஓடினார்.

"கெடைச்சுருச்சுங் டீச்சர்," என்று மேலேயிருந்து கத்தினார். "இருபதுல ஒண்ணு நம்மூட்டுதுங்."

பின்னால் தமயந்தி ஓடிவந்தாள். எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முதுகு என்ன ஆவது, அறிவிருக்கிறதா என்று திட்டிக்கொண்டே அழுதாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பேசினால் ஹாரனில் கேட்டிருக்கவும் கேட்காது. அவர் இன்னொரு கையால் அதை அழுத்திக்கொண்டே இருந்தார்.

பால் பாயசம் வைத்தேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு டம்ளர்.

ஏப்ரல் 3

சான்றிதழைக் கழற்றினேன். பின்னால் சுவர் வேறு நிறத்தில் இருக்கிறது. மகனிடம் சொன்னால் வெள்ளையடிக்க ஆள் அனுப்புவான்.

மே 11

தமயந்தி முதல் வாரத்துக்காகச் சென்னை போனாள். யார் போன் எடுப்பது என்று ஏப்ரல் முழுக்க நடந்த பேச்சில், கடைசியாகக் கை தூக்கியது நான்தான். காலை ஏழிலிருந்து மதியம் ஒரு மணி வரை அவள் மேசையில் நான். செங்கோட்டுவேல் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் விளக்கம் சொல்வார். போனை மட்டும் தொடமாட்டார்.

முதல் அழைப்பே அங்கப்பன். ஏழு மணிக்குப் பேச வேண்டியவன் ஏழு இருபதுக்குப் பேசுகிறான். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டேன்.

"டீச்சருங்ளா? பிளஸ் ஒன் பாதியில உங்களுக்குப் பயந்துதானுங் நான் ஸ்கூலை உட்டு ஓடுனேன். ஆயிரம் மைல் தள்ளி வந்தும் உட மாட்டீங்ளாட்ட இருக்குது."

செங்கோட்டுவேல் சிரித்த சிரிப்பில் அவருக்கு மறுபடியும் முதுகு பிடித்துக்கொண்டது.

மே 13

இரண்டு நாளில் கொஞ்சம் பழகியிருக்கிறது. நாக்பூர் பக்கம் நிற்கிற வண்டிக்கு ஒரு உதிரி பாகம் அனுப்பியாயிற்று. அங்கப்பன் இப்போது ஆறு ஐம்பத்தைந்துக்கே பேசிவிடுகிறான்.

மே 14

தமயந்தி பேசுவாள் என்று சாயங்காலமும் அவள் மேசைக்குப் போயிருந்தேன். கூப்பிட்டாள். வண்டிகளைப் பற்றிக் கேட்பாள் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"டீச்சர், இன்னைக்கு வகுப்புல வம்பு பண்ணிட்டனுங்."

என்ன ஆயிற்று என்றேன். நிர்வாகப் பாடமாம். பேராசிரியர் போர்டில் கோபுரம் மாதிரி ஒரு படம் போட்டிருக்கிறார். மேலே முதலாளி, நடுவில் மேலாளர்கள், அடியில் களத்தில் வேலை செய்கிறவர்கள். முடிவுகள் மேலேயிருந்து கீழே இறங்கும் என்று விளக்கியிருக்கிறார். இவள் கை தூக்கி, எங்கள் தொழிலில் இது ஆகாது சார், இப்படி நடத்தினால் வண்டி சேற்றில்தான் நிற்கும் என்று சொல்லியிருக்கிறாள். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்ததாம்.

"அவரு ஒரு நிமிசம் என்னையே பாத்தாருங். அப்பறம், எந்திரிச்சு முன்னாடி வாங்கன்னு சொன்னாரு."

அதற்குப் பிறகு ஓர் ஆசிரியர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும்.

"போனனுங். மார்க்கர் பேனாவை என்ற கையில குடுத்துட்டாரு. உங்க தொழில்ல எப்படின்னு நீங்களே வரைஞ்சு காட்டுங்கன்னு சொல்லிப்போட்டு, அவரு போயி என்ற எடத்துல உக்காந்துக்கிட்டாருங் டீச்சர்."

செங்கோட்டுவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்ன என்று சைகையில் கேட்டார். நான் கையமர்த்தினேன். தமயந்தி அந்தப் பக்கம் காத்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது இதுதான்.

"எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிஞ்சுதா?"

"அது எனக்குத் தெரியலீங் டீச்சர்," என்றாள். "ஆனா எல்லாரும் பாத்து எழுதிக்கிட்டாங்க."